குறட்டையா, நானா?

தெலுங்கு பேசும் ஊரான தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அளவெடுப்பதுதான் என் வேலை. நான் எழுதிக் கொடுத்த ரீடிங்கை இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அதனால், காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று எழுபதுக்குக் கீழே இறங்காதபோது குளுக்கோமீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு மீட்டர் மாற்றினேன். மூன்றாவதும் அதையே காட்டியது. சோள ரொட்டி, மாத்திரை, நடை என்று எதிலும் குறை வைக்காதவள் நான். எரிச்சல் தலைக்கேறியது. பகலில் கண் சொருகுவதை வயதின் கணக்கில் தள்ளிவிட்டேன்.

இன்சுலின் ஆரம்பிப்பதா என்று முடிவு செய்யப் போன அன்று, குறட்டை உண்டா என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். போன வருடமும் கேட்டிருந்தார். அதே பதிலைச் சொன்னேன்: இல்லவே இல்லை. ஒரு பெண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது?

"மம்மி, நுவ்வு ரோஜூ குரக பெடதாவ்!" என்றாள் கூட வந்த மகள். தினமும் குறட்டை விடுகிறேனாம். வீட்டில் தமிழில் பேசு என்று அவளிடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். அன்று மட்டும் என் பேச்சைக் கேட்டுத் தமிழில் சொல்லித் தொலைத்திருந்தால் டாக்டருக்குப் புரிந்திருக்காது.

தூக்கப் பரிசோதனையில் உண்மை வெளிவந்தது. தூக்கத்தில் என் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது. அப்போதெல்லாம் உடம்பு பதறும், அந்தப் பதற்றமும் சர்க்கரையை ஏற்றலாம் என்றார் டாக்டர். மூச்சு நிற்காமல் காற்றைச் செலுத்தும் மெஷினும் மூக்கு மாஸ்க்கும் வந்தன. அதற்காக ரொட்டியையும் மாத்திரையையும் விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மூன்று மாதத்தில் சர்க்கரை மெல்ல இறங்கியது. இன்சுலின் தள்ளிப்போனது. மெஷினில் பதிவான தூக்க நேரத்தைக் காலை டிபனின்போது கணவரிடம் காட்டி, "பாத்தீங்களா, ஒரு நாள் விடல!" என்று பீற்றிக்கொண்டேன்.

"இப்பத்தான் நானும் தூங்குதேன்" என்றார்.

"ஏன், முன்னால என்ன?"

"மூச்சு நின்னா தட்டி எழுப்பணும்லா. நீ திரும்பிப் படுத்துக்கிடுவ."

"எத்தன நாளா?"

"நாலஞ்சு வருசம் இருக்கும்."

"ஏங்க, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ கோவிச்சுக்கிடுவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ, நான் கத்தப் போகிறேன் என்று நினைத்து, அவசரமாகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.