தாங்கிக்குள் இருந்து வந்த பதில்

ஜின், பேய்க் கதைகளுக்கு நான் காது கொடுக்கிற ஆள் இல்லை. கரைத்தீவில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலே தண்ணீர் ஓதிக் கொடுக்க ஆள் தேடுவார்கள், நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று ஏசிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அப்படிப்பட்ட நானே இதைச் சொல்ல வேண்டி வந்துவிட்டது பாருங்கள். நீங்கள் நம்பாவிட்டாலும் குறையில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் தொழில் எண்ணெய், தண்ணீர் நிரப்பி வைக்கிற பெரிய இரும்புத் தாங்கிகளுக்கு உள்பக்கம் பூச்சு அடிப்பது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, மணல் அடித்துச் சுத்தம் செய்து, அதன் மேல் எபொக்சி பூசுவோம். அந்த வாடை ஆளை மயக்கிப் போட்டுவிடும், அதனால் உள்ளே ஒருவர் என்றால் வெளியே ஒருவர் காவல். வெளியே நிற்கிறவர் மரச் சுத்தியலால் தாங்கியில் மூன்று தட்டுவார், உள்ளே இருக்கிறவர் தூரிகைக் கட்டையால் இரண்டு தட்டினால் ஆள் சுகம் என்று அர்த்தம். மரத்தால்தான் தட்ட வேண்டும், இரும்பால் தட்டிப் பொறி பறந்தால் எல்லாம் பற்றிக்கொள்ளும்.

இது நடந்தது சிலாபம் பக்கம் ஒரு தேங்காயெண்ணெய் ஆலையில். உள்ளே போனது என் மச்சான் ரிபாஸ், என் ஒரே தங்கச்சியின் புருஷன். தங்கச்சிக்கு அப்போது நிறைமாதம். அன்று கடைசிப் பூச்சு, தரை மட்டும்தான் பாக்கி, சுவருக்குக் கட்டிய சாரத்தை முதல் நாளே கழற்றியாயிற்று. கடைசிப் பூச்சுக்கு எங்கள் ஆட்கள் இடுப்பில் கயிறு கட்டமாட்டார்கள், காற்றுக் குழாய் வைத்த முகமூடியும் போடமாட்டார்கள். இரண்டும் ஈரத்தில் இழுபட்டுத் தழும்பு விழுத்தும், பிறகு உரசித் திரும்பப் பூச வேண்டும். வடிகட்டி வைத்த சின்ன முகமூடியோடு பின்பக்கமாகவே பூசிக்கொண்டு, சுவரின் அடியில் ஆள் நுழைகிற ஓட்டைக்கு வந்துவிடுவார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்து வந்தோம், ஒன்றும் ஆனதில்லை.

லுஹர் தொழுதுவிட்டு மச்சான் உள்ளே போனான், நல்ல வெயில் நேரம். நான் தட்டினேன், பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்துத் தட்டினேன், அதற்கும் வந்தது. போகப் போக நான் சுத்தியலை எடுக்கும் முன்பே பதில் வந்து விழுந்தது, வீட்டுக்குப் போக அவனுக்கு அவசரம் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், அந்தச் சத்தம் என் தலைக்கு மேலே இருந்து வருகிறது, கூரையை ஒட்டி, சாரம் இல்லாத சுவரில். இரும்பில் சத்தம் ஓடும், அது எனக்குத் தெரியாததா? இது ஓடி வந்த சத்தம் இல்லை.

குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். மச்சான் பூசாத மிச்சத் தரையில் குப்புறக் கிடந்தான். முகமூடி விலகியிருந்தது, தூரிகை வாளிக்குள் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அன்டன் ஓடி வந்தான். கற்பிட்டியில் கடல் தொழிலை விட்டுவிட்டு எங்களிடம் வந்து காற்று இயந்திரம் பார்க்கிறவன், என்னை அண்ணன் முறையில் நானா என்பான். ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

"நானா, உள்ள போகாதீங்க. நான் குழாய கொண்டாறன்."

அவன் ஆலைக்குப் பின்பக்கம் ஓடினான். ஒருவரைத் தூக்கப் போனவரும் செத்து, இரண்டு மையித்து எடுத்த கதைகள் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் தலையை உள்ளே விட்டேன், வாடை ஏறிக் கண் இருண்டது, வெளியே வந்து விழுந்தேன். மச்சான் கைக்கெட்டாத தூரத்தில் கிடக்கிறான், தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வேன்? அப்படிக் கையாலாகாமல் நிற்கிற நிலையை அல்லாஹ் என் பகைவனுக்கும் கொடுக்க வேண்டாம்.

அந்த நேரம் உள்ளே தட்டியது, அதே உயரத்தில் இருந்து. இரண்டு இல்லை, மூன்று. மூன்று என்பது வெளியே நிற்கிறவன் கேட்கிற கேள்வி, சுகமா என்று அது என்னைக் கேட்கிறது. மச்சானின் இரண்டு கைகளும் தரையில் கிடப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரும்பவும் மூன்று. நம்பினால் நம்புங்கள், என் கை தானாகவே சுத்தியலை எடுத்து இரண்டு தட்டியது. அதற்குப் பிறகு உள்ளே சத்தம் இல்லை.

அன்டன் குழாயும் முகமூடியுமாக வந்து, உள்ளே போய், அவனை வெளியே இழுத்துப் போட்டான். மச்சான் சிலாபம் ஆஸ்பத்திரியில் அடுத்த நாள்தான் கண் திறந்தான். தட்டியதைப் பற்றி நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனாகத்தான் என் கையைப் பிடித்துச் சொன்னான்.

"நீங்க தட்டினதெல்லாம் கேட்டிச்சு மச்சான். எனக்குக் கை எழும்பல்ல. எனக்குப் பதிலா ஆரோ தட்டினாங்க. நம்பாதீங்கண்டு கத்தப் பாத்தன், சத்தம் வரல்ல."

பூச்சு காய்ந்ததும் மின்சாரத் தூரிகையால் தடவிச் சோதிப்பது வழக்கம், ஊசி முனை அளவு இரும்பு மூடாமல் இருந்தாலும் இயந்திரம் கத்தும். கூரைக்குக் கீழே, சத்தம் வந்த அந்த இடத்தில் கத்தியது. உரசித் திரும்பப் பூசினோம், காய்ந்ததும் கத்தியது. இன்னொரு முறை பூசினோம், அப்போதும் கத்தியது. கண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆலைக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே எண்ணெயை நிரப்பிவிட்டார்கள்.

மச்சான் இப்போது பாலாவியில் சின்னக் கடை வைத்திருக்கிறான், பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு வேறு தொழில் தெரியாது, இன்னும் தாங்கிகளுக்கு வெளியேதான் நிற்கிறேன். தழும்பு விழுந்தாலும் சரி, கயிறு கட்டாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. மூன்று தட்டுகிறேன், உள்ளே இருந்து இரண்டு வருகிறது. முன்பு அந்தச் சத்தத்தைக் கேட்டால் மனம் ஆறும். இப்போது அதைக் கேட்டதும்தான் ஓடிப்போய்க் குனிந்து பார்க்கிறேன்.