பெருமுக்கல் மலை ரிப்பீட்டரின் கரகரப்பு

ரிப்பீட்டர் ஒழுங்காக ஓடினால் அதைப் பார்த்துக்கொள்கிறவன் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது; கரகரத்தால் மட்டும் விடிவதற்குள் போன் வந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாருக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் என் வலி புரியும்.

நான் திண்டிவனத்தில் இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்கிறவன். போன் இல்லாமலே ஆளுக்கு ஆள் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்தது பொழுதுபோக்குக்காக. எங்கள் பக்கத்தில் அப்படிப் பதினைந்து பேர் இருக்கிறோம். பெருமுக்கல் மலைமேல் ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் ரிப்பீட்டர் இருக்கிறது. கையில் இருக்கும் சின்ன செட்டில் நாம் பேசுவதை வாங்கி, ஊரெல்லாம் கேட்கும்படி பலமாகத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதில் ஸ்குவெல்ச் என்று ஒரு திருகு உண்டு. யாரும் பேசாதபோது வரும் வெற்று இரைச்சலைக் கதவு மாதிரி அடைத்து வைப்பது அதுதான். தளர்த்தினால் இரைச்சல் நுழையும். இறுக்கினால் பலவீனமான குரல் வெளியே நிற்கும்.

இதை நாங்கள் வைத்ததே மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊருக்காக. நல்ல மழை பெய்தால் அந்த ஊருக்கு ரோடும் போய்விடும், செல்போனும் போய்விடும். அங்கே எங்கள் ஆள் ஜெசிந்தா, அங்கன்வாடி டீச்சர். எங்கள் பதினைந்து பேரில் பலவீனமான சிக்னல் அவருடையதுதான்.

ஐந்து மணிக் கரகரப்பு

தொல்லை மாசி மாதத்தில் ஆரம்பித்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு ரிப்பீட்டர் தானாகத் திறந்துகொண்டு அப்பளம் பொரிப்பதுபோல் கரகரத்தது. எட்டு மணிக்குத் தானாக வாயை மூடிக்கொண்டது. ஒன்பது மணிக்கு நான் மூச்சு வாங்க மலையேறிப் போனால், அது ஒன்றும் அறியாததுபோல் இருந்தது. கேபிளை மாற்றினேன், கனெக்டரைத் துடைத்தேன், கும்பிட்டும் பார்த்தேன். மறுநாள் ஐந்து மணிக்கு மறுபடியும் அப்பளம்.

பத்து நாள் இப்படியே போனது. பொம்மையார்பாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும், எங்கள் பதினைந்து பேரில் ஒருவனான, என் சிநேகிதன் பாஸ்கர் கடைசியில் கேட்டான்: "ஏம்பா, நீ ஏறினா நின்னுடுது, இறங்கினா ஆரம்பிக்குது. உன்னைப் பார்த்து பயப்படுதா, இல்ல கிண்டல் பண்ணுதா?"

டீக்கடை பல்பு

மலிவான எல்.இ.டி. பல்புகள் ரேடியோவில் இரைச்சல் கிளப்பும் என்று எங்கோ படித்திருந்தேன். மலையடிவாரத்து டீக்கடை சரியாக ஐந்து மணிக்குத்தான் திறக்கிறது. வாசலில் மாலை மாதிரி பல்புகள். துப்புத் துலங்கிவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. கடைக்காரரிடம் கெஞ்சி, ஒருநாள் மட்டும் விளக்கில்லாமல் கடை நடத்தச் சொன்னேன். பாவம், மெழுகுவத்தி வைத்து டீ ஆற்றினார். என் கையிலிருந்த செட் எப்போதும்போல் கரகரத்துக்கொண்டிருந்தது.

அவர் என் பக்கம் டீயை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "லைட்டை அணைச்சதுல உன் ரேடியோ நிக்கலப்பா, என் வியாபாரந்தான் நின்னுச்சு."

லைன்மேன் சொன்னது

விஷயத்தை அவிழ்த்தவர் அங்கே டீ குடிக்க வந்த மின்வாரிய லைன்மேன். கடற்காற்றில் வரும் உப்பு, மின்கம்பத்துப் பீங்கான்களில் படிகிறது. விடியற்காலைப் பனியில் அது ஈரமாகி, கரண்ட் கசிந்து பொறி பறக்கிறது; அந்தப் பொறிதான் ரேடியோவில் கரகரப்பு. வெயில் ஏறிக் காய்ந்ததும் நின்றுவிடுகிறது. மரக்காணத்திலிருந்து வரிசையாக எத்தனை கம்பம்! இத்தனை நாள் நான் குடைந்தது எல்லாம் என் சொந்தப் பெட்டியை.

பீங்கான்களைக் கழுவ முடியுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "நீங்க போய் கடலை மூடிட்டு வாங்க சார், நான் கழுவித் தர்றேன்."

எல்லாரும் மெச்சிய அமைதி

கடலை மூட முடியாததால் ஸ்குவெல்ச்சை இறுக்கினேன். கரகரப்பு நின்றது. குழுவில் பாராட்டு குவிந்தது. நானும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன், ஜெசிந்தா போன் செய்து தன் குரல் ரிப்பீட்டருக்குள் நுழையவில்லை என்று சொல்லும்வரை. ஆன்டெனாவை உயரத்தில் கட்டுங்கள் என்று யோசனை சொன்னேன். அவரும் சவுக்குக் கம்பு வாங்கி, கூரைமேல் ஏறிக் கட்டினார். அதற்குப் பிறகு அவர் குரல் ஏதோ தட்டுத்தடுமாறி வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

யோசனை சொன்ன அன்றே அவர் கேட்டார்: "கதவை நீங்க இறுக்கிட்டு, என்னை ஏன் சார் இன்னும் பலமா தட்டச் சொல்றீங்க?"

கார்த்திகை மழை

புயல் எச்சரிக்கை வந்ததும் பேட்டரியோடு மலைக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நல்ல மழை. காலை ஒன்பது மணிக்கு ரிப்பீட்டரில் டுக், டுக் என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். சனியன், மறுபடியும் உப்பு என்று நினைத்துத் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். நின்றது. "டுக் டுக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு, நிறுத்திட்டேன்" என்று பாஸ்கரிடம் செட்டில் சொன்னேன். சூப்பர் என்றான்.

ஒரு மணி நேரம் கழித்து, சார்ஜ் போடலாம் என்று செல்போனைச் சுவர் பிளக்கில் சொருகினேன். ஏறவில்லை. புயலுக்காக விடியற்காலையிலேயே ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தது அப்போதுதான் உறைத்தது. கரண்டே இல்லாத கம்பத்தில் எப்படிப் பொறி பறக்கும்? அப்படியானால் அந்த டுக் டுக் என்ன?

திருகை முழுக்கத் தளர்த்தினேன். இரைச்சலுக்கு நடுவே ஜெசிந்தாவின் குரல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி, வண்டி அனுப்பச் சொல்லி ஒன்பது மணிக்கே கூப்பிட்டிருக்கிறார். யாரும் பதில் சொல்லாததால், இடுப்பளவு தண்ணீரில் தானே நடந்து போய் உப்பு ஏற்றும் டிராக்டர் ஒன்றை மறித்துக் கூட்டிவந்து, அந்தப் பெண்ணை ஏற்றி அனுப்பியிருக்கிறார். அவ்வளவையும் கோபமில்லாமல் சொன்னார். கடைசியாக அவர் சொன்னது இது: "நீங்க பாஸ்கர் சார்கிட்ட பேசினது எனக்கு நல்லா கேட்டுச்சு. அந்த டுக் டுக் நான்தான் சார்."

அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் ஆனது. அது என் சாமர்த்தியத்தால் அல்ல. இப்போது எங்கள் எல்லாருடைய செட்டிலும் காதுக்குக் கேட்காத ஒரு மெல்லிய தொனியைச் சேர்த்திருக்கிறேன். அது வந்தால்தான் கதவு திறக்கும், வெற்று இரைச்சலில் அது இருக்காது; அதனால் திருகைத் தளர்வாகவே வைக்க முடிகிறது.

ஆனாலும் ரிப்பீட்டர் இன்றைக்கு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று யாராவது பாராட்டினால், நன்றி சொல்வதற்கு முன்னால் பதினைந்து பேரில் யார் குரல் வரவில்லை என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுகிறேன்.