கீரை அறையின் வெக்கையை எந்தப் பக்கம் விடுவது?

அறைக்குள் விளக்குப் போட்டுக் கீரை வளர்ப்பவர்களுக்கு வெயில்காலத்தில் ஒரு கவலை என்றால், மழைக்காலத்தில் ஒன்பது.

நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால், இதைப் படிக்கும்போதே ஒரு காது தானாக மாடிப்பக்கம் போய், ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டிருக்கும். இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது. சுற்றிலும் ரப்பர் மரம். முற்றத்தில் வெயில் விழுவதே அபூர்வம். அதனால் மாடியறையில் நான்கு இரும்பு ரேக் போட்டு, தட்டுக்கு மேலே தட்டாக எல்.இ.டி. விளக்கு மாட்டியிருக்கிறேன். தட்டில் தென்னைநார்த் தூளைப் பரப்பி முள்ளங்கி, கடுகு, சூரியகாந்தி விதை தூவுவோம். விரல் உயரம் வந்ததும் கத்தரித்து டப்பாவில் அடைத்து விற்போம். மைக்ரோகிரீன் என்று பெயர், ஊரில் குட்டிக்கீரை.

என் பெயர் ஷைனி. கூட வேலை செய்வது ஓமனா அக்கா; பல வருடம் ரப்பர் பால் வெட்டியவர், முட்டி வலி வந்தபிறகு என்னோடு சேர்ந்துகொண்டார். என் கணவர் ஜஸ்டின் மஸ்கட்டில், பெரிய கட்டடங்களுக்குள் குளிர்காற்று போகிற தகரக் குழாய் பொருத்துகிற வேலையில் இருக்கிறார்.

சன்னலைச் சாத்திய வாரம்

முதல் வருடம் ஐப்பசி மழை பிடித்ததும் நான் செய்த காரியம், சன்னலை இறுக்கிச் சாத்தியது. சாரல் உள்ளே வந்தது, பூச்சியும் வந்தது, வேறென்ன செய்ய? வெளியே போர்வையை இழுத்துப் போர்த்துகிற குளிர். இந்தக் குளிரில் அறைக்குள் சூடு தங்கினால் நல்லதுதானே என்று நினைத்தேன். அத்தனை விளக்கும் காலையிலிருந்து எரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் இட்லிப் பானை மூடியைத் திறந்தது போல முகத்தில் ஆவி அடித்தது. சுவரெல்லாம் வேர்த்திருந்தது. முள்ளங்கித் தட்டு மேல் பஞ்சு பறந்து உட்கார்ந்தது போல வெள்ளைப் பூஞ்சை.

நல்லதாகத் தெரிந்ததை மட்டும் பொறுக்கி, அருவிக்குப் பக்கத்து விடுதிக்குக் கொண்டுபோனேன். அங்கே சமையல் பார்க்கிற பினு என் முதல் வாடிக்கையாளர், தங்கமான பிள்ளை. போய்ச் சேருவதற்குள் டப்பாவுக்குள்ளும் பூஞ்சை வந்துவிட்டது. பினு திறந்து பார்த்தான், மெதுவாக மூடினான். என் மனது நோகக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அக்கா, இத நான் தட்டுல வச்சுக் குடுத்தா கெஸ்டு திங்கமாட்டாரு, சவரம் பண்ணிக் கொண்டாண்ணு சொல்லுவாரு."

காற்றுக்கு ஒரு வழி போதாது

அன்று சாயங்காலம் ஜஸ்டினை வீடியோவில் கூப்பிட்டு அழுதேன். அவர் போனை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வெளிய குளிரா இருந்தாலும் விளக்குக்க சூடு எங்கயாவது போகணும்லா? மேல ஒரு ஓட்டை போட்டு ஃபேன் வை" என்றார். அந்தச் சுவர் அவர் நான்கு வருடம் லீவுக்கு வராமல் இருந்து கட்டிய வீட்டின் சுவர். கொத்தனார் துளை போடத் தொடங்கியபோது, வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் போன அந்தப் பக்கம் திருப்பு" என்றார். பார்க்கத் தாங்கவில்லை அவருக்கு.

ஃபேன் ஜோராக ஓடியது. ஆனால் கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மறுநாள் அறைக்குள் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று ஓமனா அக்கா சொல்ல, நாங்கள் நாலு ரேக்கையும் நகர்த்தி அரைநாள் தேடினோம். எலி இல்லை. மறுபடி மஸ்கட்டைக் கூப்பிட்டோம். ஜஸ்டின் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். காற்று உள்ளே வர நான் வழியே விடவில்லை. ஃபேன் இழுத்த இழுப்புக்கு, பக்கத்துக் குளியலறையின் தண்ணீர் போகிற துளை வழியாகக் காற்று ஏறி வந்திருக்கிறது. எதிர்ச்சுவரில் தரையோரமாக இன்னொரு துளை போட்டு வலை அடித்த பிறகுதான் நாற்றம் போனது. கொத்தனார் கிளம்பியதும் ஓமனா அக்கா சொன்னார்: "மஸ்கட்டுல மாளிகை மாளிகையா காத்து விடுக ஆளு, சொந்த வீட்டுக் கக்கூஸ மறந்துபோனாரே."

மீன்கறியில் முள்ளங்கி

வெளியே விட்ட வெக்கை எங்கே போகிறது என்று நான் பார்க்கவேயில்லை. பக்கத்து வீட்டு ஞானதாஸ் மாமா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அது நேராக அவர்கள் சாப்பாட்டு அறைச் சன்னலுக்குப் போகிறது. "நான் திங்குகது சாளைமீன் கறி, மணக்குகது முள்ளங்கி. இது என்ன கொடுமை?" என்றார். நியாயமான பேச்சு. ஃபேனுக்கு வெளியே ஒரு வளைவுக் குழாய் வைத்துத் திருப்பிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

குழாய் வைக்க ஆள் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடவில்லை. மாமாவுக்கு அரை ஏக்கர் ரப்பர். பாலை உறைய வைத்து ஷீட்டாக அடித்து உலர்த்த வேண்டும். அவர் புகைப்புரை, அதாவது ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோட்டு உலர்த்துகிற சின்னக் கட்டடம், கூரை ஒழுகியது. ஆறாம் நாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர்கள் சுவரோரம் ஒரு கயிறு. எங்கள் ஃபேனுக்கு நேர் கீழே, மூன்று ஷீட் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அடியில் ஸ்டூல் போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். "மாமா, குழாயத் திருப்ப நாளைக்கு ஆளு வருது" என்றேன். அவர் ஷீட்டைத் தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஆளுகிட்ட வேற ஜோலி இருந்தாப் பாக்கச் சொல்லு மக்கா. காத்து கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, அது இஞ்சயே வரட்டும்."

ஓமனா அக்காவின் சாக்கு

மார்கழி பிறந்ததும் விடியற்காலைக் குளிர் கீழ்த் துளை வழியாக நேரே வந்து கடைசித் தட்டில் விழுந்தது. சூரியகாந்தி முளை தலையைத் தூக்காமல் அப்படியே நின்றது. ஒருநாள் காலை ஃபேன் ஊளையிடுவது கேட்டு மேலே ஓடினேன். கீழ்த் துளையில் ஒரு சாக்கு திணித்திருந்தது. ஓமனா அக்காவின் வேலை. பிள்ளைகளுக்குக் குளிருமே என்று அடைத்திருக்கிறார். பிள்ளைகள் என்றால் சூரியகாந்தி. சாக்கைப் பிடுங்கிவிட்டு, துளைக்கு முன்னால் ஒரு பலகையைச் சரித்து வைத்தேன். வருகிற குளிர் அதில் முட்டி மேலே ஏறி, அறைச் சூட்டோடு கலந்து செடிக்குப் போகட்டும் என்று. அது பலித்தது. ஆனால் அக்காவுக்கு மனது ஆறவில்லை. "சூட்ட நாம வெளிய விடுகோம், அது செரி. குளிர எதுக்குப் பிள்ளே வெத்தல பாக்கு வச்சு உள்ள கூப்பிடுகது?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்

பினு விடுதியில் கிறிஸ்துமஸ் விருந்து. நாற்பது டப்பா கேட்டிருந்தான். பூஞ்சைக் கதைக்குப் பிறகு என்னை நம்பிக் கேட்ட முதல் பெரிய ஆர்டர். இருபத்துநாலாம் தேதி காலையில் வெட்டலாம் என்று மாடிக்குப் போனால், அறை கொதித்தது. தட்டுகளில் முளையெல்லாம் தலை சாய்ந்து கிடந்தன. ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது, காற்று நகரவில்லை.

படி இறங்கி அந்தப் பக்கம் ஓடினேன். ஃபேன் வாயைச் சுற்றிக் கூடாரம் மாதிரி ஒரு தார்ப்பாய். உள்ளே இருபதுக்கு மேல் ஷீட், இடைவெளி இல்லாமல். கிறிஸ்துமஸ் லீவுக்கு ரப்பர்க் கடை அடைக்கும் முன்னால் உலர்த்திக் கொடுத்துவிட வேண்டும் என்று மாமா முந்தின நாளே கட்டி வைத்திருக்கிறார். நான் கத்தினேன். எங்கள் அப்பா வயது மனிதரை, அவர் வாசலில் நின்று, என்னென்னவோ சொல்லிக் கத்தினேன். அவர் ஏணி வைத்து ஏறித் தானே தார்ப்பாயை அவிழ்த்துப் போட்டார்.

மேலே ஓமனா அக்கா விளக்கை அணைத்து, சன்னலைத் திறந்து, தட்டுக்கு அடியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் தட்டுகளைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். பத்து மணிக்குக் கடுகு நிமிர்ந்தது. பிறகு முள்ளங்கி. மேல்தட்டுச் சூரியகாந்தி போனது போனதுதான். முப்பத்தொரு டப்பா தேறியது. பினுவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "பரவால்லக்கா, வெள்ளரிக்காய வச்சு ஒப்பேத்திக்கிடுகேன்" என்று வாங்கி வைத்தான். வரும் வழியெல்லாம் அந்தத் தார்ப்பாயை விட என் வாயை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து நான் மன்னிப்புக் கேட்கப் போவதற்குள், மாமாவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். கையில் அளக்கிற டேப். எங்கள் ஃபேனிலிருந்து அவர் புகைப்புரை வரை அளக்க வேண்டுமாம்; கூரையை மாற்றி, ஒரு பெரிய குழாயைத் தூக்கிக் கட்டி, காற்றை அங்கே கொண்டுபோனால் இரண்டு பேருக்கும் தொந்தரவு இல்லை என்றார். ஜஸ்டின் வீடியோவில் பார்த்து, குழாய் அகலமாக இருக்க வேண்டும், புகைப்புரையிலும் காற்று வெளியேற வாய் வேண்டும் என்றார். மாமா தலையாட்டிக் குறித்துக்கொண்டார். "மாமா, நேத்து நான் பேசினது..." என்று இழுத்தேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நீ ஏசினதுக்கு ஒண்ணும் இல்ல மக்கா. நான் மூடிப்போட்டது ஒனக்க பிழைப்பயாக்கும்ணு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

மண்டைக்காட்டிலிருந்து வந்தவர்

தை மாதத்தில் எதிர்பாராத மழை. அந்த மழையில் மண்டைக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிரேமா என்று ஒருவர் வந்தார். குட்டிக்கீரை வளர்ப்பதைப் பார்த்துவிட்டுப் போய் வீட்டில் தொடங்க ஆசை. சேலை நனைந்து பல் தந்தியடித்தது. அறைக்குள் கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டினேன்: மேலே ஃபேன், கீழே துளை, பலகை, மாமாவின் புகைப்புரைக்குப் போகிற புதுக் குழாய். நான் பட்ட பாட்டையெல்லாம் ஒருமூச்சு சொன்னேன்.

அவர் நோட்டைத் திறந்தவர் எழுதவேயில்லை. ரேக் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓமனா அக்கா சூடாகப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தார். அரைமணி நேரத்தில் சேலை உலர்ந்தது. "எந்த விதையிலே ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். மூடிய கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னார்: "கீரைய பிறகு யோசிப்போம் அக்கா. மொதல்ல இதுபோல ஒரு ரூமு கெட்டுகதுக்கு வழி சொல்லுங்க."

யார் கேட்டாலும் கீரை வளர்க்கிறேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் கீரை தானாகவே வளர்ந்துவிடுகிறது, நான் பார்ப்பதெல்லாம் வெக்கைக்கு வெளியே போக வழிகாட்டுகிற வேலை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.