சவினின் சிலுவையில் எழுதிய வருஷம்

ஸ்மராண்டாவுக்கு எழுத்து அழகாக வரும். ஆனால் எழுதுவதைப் படிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. பதினெட்டு வயதில் கூட்டுப்பண்ணையில் சேர்ந்தபோது, சிவப்புத் துணியில் வெள்ளைச் சாயத்தால் நாட்டுத் தலைவரின் புகழை எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். மாதம் இருபது துணி. அத்தனையையும் படித்துக்கொண்டே எழுதியிருந்தால் பைத்தியம்தான் பிடித்திருக்கும். வளைவைப் பார், இடைவெளியைப் பார், அடுத்த எழுத்துக்குப் போ, இவ்வளவுதான் தொழில் என்று கற்றுக்கொண்டாள். பிறகு அந்தத் தலைவரின் ஆட்சி போனது. ஊர்க்காரர்கள் அந்தத் துணிகளைக் கிழித்துத் தக்காளிச் செடிகளைக் கட்டினார்கள். எழுத்து மட்டும் அவள் கையில் தங்கிவிட்டது.

கல்யாணம் ஆயிற்று, ஒத்திலியா பிறந்தாள், கணவன் தோவாதெர் நெஞ்சுச் சளியில் படுத்து ஒரே குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான். கல்லறைச் சிலுவைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவன் அவன். அவன் சிலுவைக்கு எழுத ஆள் இல்லாமல் அவளே தூரிகையை எடுத்தாள், பிறகு கீழே வைக்கவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பிரிஸ்தேனி ஊர்க் கல்லறையில் எல்லாச் சிலுவைக்கும் அவள்தான் எழுத்துக்காரி. சிமென்ட் சிலுவைகள் அவை. ஒவ்வொரு ஈஸ்டருக்கு முன்பும் பழைய எழுத்தை நோட்டில் குறித்துக்கொண்டு, சிலுவைக்கு வெள்ளையடித்து, கறுப்பு வண்ணத்தில் திரும்ப எழுத வேண்டும். செத்தவர்களை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு ஊர் நிம்மதியாக இருந்தது. ஒரு பெயரில்கூட அவள் தப்பு விட்டதில்லை என்று ஊரே சொல்லும். அவளுக்கு இருந்த சொத்து அந்தப் பேச்சுதான்.

அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் செத்தால் இன்னொருவர் பெயரையும் அதே சிலுவையில் எழுதிவிடுவார்கள். பிறந்த வருஷம், ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் வெற்றிடம். யாரும் அதைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. ஸ்மராண்டாவின் பெயரும் தோவாதெருக்குப் பக்கத்தில் இருக்கிறது: 1966, ஒரு கோடு. வருஷா வருஷம் அதை அவளே புதுப்பிக்கிறாள்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முன் இரண்டு வாரம் விடாமல் மழை. கடைசியில் ஆறே நாளில் நாற்பது சிலுவைகளை முடிக்க வேண்டியிருந்தது. முடித்தாள். ஈஸ்டர் முடிந்து வந்த வியாழக்கிழமை, இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் ஒத்திலியாவிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, ஃபேஸ்புக்ல ஒண்ணு அனுப்பியிருக்கேன், பாத்தியா? அது நம்ம ஊர்க் கல்லறைதானே?"

ஸ்மராண்டா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மங்கலாக ஒரு சிலுவையின் படம். வெனியாமின் சவின், 1959–2011. பக்கத்தில் அவன் மனைவி அக்லாயா, 1961–2011. மேலே கொட்டை எழுத்தில்: 'உண்மையான சவின் 2011-லேயே மனைவியோடு விபத்தில் செத்துவிட்டார்! ஜனாதிபதி ஆக ஓட்டுக் கேட்கும் இந்த ஆள் யார்? அனுப்பியது எந்த நாடு?' பதினோராயிரம் பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி ஒத்திலியா.

"எவன்டி இது எழுதினது? அக்லாயா புத்துநோயில செத்தா. நான்தானே எழுதினேன் அவளுக்கு. அந்த ஆளு பக்கத்துல நின்னு தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு என் வண்ண டப்பாவைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். 'எனக்கும் இடம் விடுங்க'ன்னான். விட்டேன்."

"அப்ப அழுதது பழைய சவினா இருக்கலாம்லம்மா?"

"பழைய சவின் புதுச் சவின்னு அவன் என்ன உருளைக்கிழங்கா?"

சவின்மேல் அவளுக்கு அன்பு ஒன்றும் கிடையாது. இந்த ஊரில் பிறந்தவன், புகாரெஸ்டில் ரயில்வே மந்திரியானதும் முதல் வேலையாக இந்த ஊர் ரயில் நிறுத்தத்தைத்தான் மூடினான். அன்றிலிருந்து அவள் வண்டி பிடிக்க நாலு கிலோமீட்டர் சேற்றில் நடக்கிறாள். அவனுக்குப் போடுவதற்குப் பதில் ஓட்டுச்சீட்டை மென்று தின்பேன் என்று கடைவீதியில் வைத்தே சொன்னவள். ஆனாலும் அவள் எழுதிய சிலுவையைக் காட்டி ஒருவன் புளுகுவதா? சுறுசுறுவென்று கோபம் வந்தது. இரண்டு விரலால் தட்டித் தட்டி முக்கால் மணி நேரத்தில் எழுதி முடித்தாள்:

'இந்தப் படம் பொய். அந்தச் சிலுவைக்கு எழுதுகிறவள் நான். அவர் பெயருக்குப் பின்னால் பிறந்த வருஷமும் கோடும்தான் இருக்கின்றன. 2011 என்பதை யாரோ கம்ப்யூட்டரில் சேர்த்திருக்கிறார்கள். சவின் உயிரோடுதான் இருக்கிறார். நான் அவருக்கு ஓட்டுப் போட மாட்டேன். ஆனால் பொய் பொய்தான். ஸ்மராண்டா, பிரிஸ்தேனி.'

சாயங்காலத்துக்குள் மூவாயிரம் பேர் இதயக்குறி போட்டிருந்தார்கள். சவினின் கட்சிக்காரர்கள் அதை எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டு, 'நேர்மையான ஒரு கிராமத்துத் தாயின் குரல்' என்று மேலே எழுதியிருந்தார்கள். ஸ்மராண்டா அதை நாலு தடவை படித்தாள். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல அவளுக்கே வெட்கம்.

"சிலுவையை நேர்ல போய்ப் படம் எடுத்துப் போடும்மா. அப்பத்தான் நான் நம்புவேன்" என்றாள் ஒத்திலியா.

"பெத்தவ சொல்றது பத்தாதா உனக்கு?"

"அவங்களும்தான் படத்தோட சொல்றாங்க."

வெள்ளிக்கிழமை காலையில் போனாள். மேட்டில் மூன்றாவது வரிசை, வாதுமை மரத்துக்குப் பக்கத்தில். போனைத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே இறக்கினாள். வெனியாமின் சவின், 1959, கோடு. கோட்டுக்குப் பின்னால் 2011.

யாராவது வந்து எழுதியிருப்பார்கள் என்று குனிந்து பார்த்தாள். வால் நீண்ட அந்த 2 அவளுடைய 2. தலையில் சின்னக் கொடி பிடித்த இரண்டு 1-களும் அவளுடையவை. பக்கத்தில் அக்லாயாவின் 2011-ம் இதுவும் ஒரே கை. பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள். அதில் சரியாகத்தான் குறித்திருந்தாள்: 1959, கோடு, வெற்றிடம்.

ஆறு நாளில் நாற்பது சிலுவை. எல்லாவற்றிலும் இரண்டு வருஷம், நடுவில் கோடு. கோட்டைத் தாண்டிய கை நிற்கவில்லை, பக்கத்தில் இருந்ததையே எழுதிவிட்டது. எப்போது எழுதினோம் என்று யோசித்தாள், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்த ஆறு நாளில் மழைக்குப் பிந்திய வெயிலும் இடுப்பு வலியும்தான் நினைவில் இருந்தன. அப்படியானால் படம் நிஜம். படத்தைப் பொய் என்று சொன்ன அவள்தான் பொய். படத்தில் சொல்லியிருப்பதும் பொய். எது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. உயிரோடு இருக்கிறவனைச் சாகடித்துவிட்டோமே என்று நினைத்தவள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

தேவாலய மணி அடிக்கிற கெராஸிம் மண்வெட்டியோடு வந்தார். சிலுவையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஏம்மா ஸ்மராண்டா, உன் 2 மாதிரி இருக்கே?"

"என் 2 தான் அண்ணே."

"அடக் கடவுளே!" கெராஸிம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "ரயிலை நிறுத்தினதுக்கு ஆளையே தீர்த்துட்டியா?"

"சிரிக்காதீங்கண்ணே. உசுரோட இருக்கிறவனுக்கு எழுதிட்டேனே."

"இதுல என்ன இருக்கு? டர்பன்டைன் வச்சிருக்கியா? ரெண்டு நிமிஷத்துல துடைச்சிடு. நீ சொன்னது நெசமாயிடும். திங்கக்கிழமை ஊரே இங்க வரும், அதுக்கு முன்னாடி காய்ஞ்சிரும்."

திங்கட்கிழமை இறந்தவர்களின் ஈஸ்டர். ஊர் முழுக்கக் கல்லறைக்கு வந்து, துண்டு விரித்து, இனிப்பு ரொட்டியும் சிவப்புச் சாயம் தோய்த்த முட்டையும் வைக்கும் நாள். துணியை டர்பன்டைனில் நனைத்து அந்த எண் வரை கொண்டுபோனவள் கையை இழுத்துக்கொண்டாள். துடைத்தால் மூவாயிரம் இதயமும் அவளுக்கே. துடைக்காவிட்டால் பத்தொன்பது வருஷப் பேர் இந்த ஒரு வருஷத்தில் போய்விடும். இனிமேல் எவள் தன் புருஷன் பெயரை இவளிடம் தருவாள்?

"துடைச்சிட்டுச் சும்மா இருந்தா நான் பொய் சொன்னவளாயிடுவேன்ல?"

"ஏற்கெனவே சொல்லியாச்சே!"

"அப்போ தெரியாம சொன்னேன். இப்போ தெரிஞ்சு சொல்லணும். யாருக்காக? இந்த சவினுக்காகவா? என்னை நாலு கிலோமீட்டர் நடக்க வச்சவனுக்காக நான் பொய் சொல்லணுமா? மாட்டேண்ணே."

"உனக்கு வேண்டியவனா இருந்தா சொல்லுவியா?"

துணியைக் கீழே வைத்தாள். இரண்டு படம் எடுத்தாள், சிலுவையை ஒன்று, நோட்டை ஒன்று. அதற்குப் பிறகுதான் உயிரோடு இருப்பவன் பெயரிலிருந்து அந்த வருஷத்தைத் துடைத்து எடுத்தாள். வீட்டுக்கு வந்து இரண்டாவதாக எழுதினாள்:

'நான் நேற்று எழுதியது தப்பு. படம் நிஜம். 2011 என்று எழுதியது நான்தான், கவனக்குறைவாக. நோட்டில் சரியாக இருக்கிறது, பாருங்கள். சவின் சாகவில்லை. அவரிடமும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போதும் அவருக்கு ஓட்டுப் போட மாட்டேன்.'

அவ்வளவு தெளிவாக எழுதிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தாள், பாவம். ஒரு மணி நேரத்தில் அந்த நேர்மையான கிராமத்துத் தாயைச் சவினின் ஆட்கள் விலைபோனவள் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், 'படம் நிஜம் என்று அவளே ஒப்புக்கொண்டாள்!' என்று அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி ஒட்டினார்கள். நோட்டில் இருப்பது புது மை என்றான் ஒருவன். சனிக்கிழமை எவனோ வெற்றிடத்தைப் படம் பிடித்து, 'ஆதாரத்தை அழித்துவிட்டார்கள்!' என்று போட்டான். முதலில் சொன்னதற்குத் திட்டியவர்கள் இரண்டாவதைப் பாராட்டினார்கள். இரண்டாவதற்குத் திட்டியவர்கள் முதலாவதைத் திரும்பத் திரும்பப் பகிர்ந்தார்கள். இரண்டையும் எழுதியது ஒரே ஆள் என்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திலியா கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, நீ எந்தப் பக்கம்னே புரியலயே."

"எனக்கும் புரியலடி. நான் சிலுவைக்கு எழுதுற பக்கம்."

"உன்னைப் பத்தி ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு, பாக்காதே."

பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா? அவளும் தோவாதெரும் சேர்ந்திருக்கும் சிலுவை. அவள் கையால் எழுதிய அவள் பெயர். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம் தெரியாதபடி படத்தை வெட்டியிருந்தார்கள். 'ஸ்மராண்டா என்பவள் செத்து வருஷக்கணக்காகிறது! இதோ கல்லறை. அவள் பெயரில் எழுதுவது யார்?'

'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று அதன் கீழே எழுதினாள். ஏழு பேர் சிரிப்புக்குறி போட்டார்கள். ஒருவன் மட்டும் மரியாதையாக, 'ஆதாரம் இருக்கிறதா அம்மா?' என்று கேட்டிருந்தான். அவனுக்கு என்ன அனுப்புவது என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது.

திங்கட்கிழமை கல்லறையில் இதுவரை காணாத ஒன்று நடந்தது. எல்லாரும் தங்கள் சிலுவைகளைப் படித்தார்கள். வழக்கமாக வந்ததும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மது ஊற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள், இன்று மூக்குக் கண்ணாடியோடு குனிந்து விரல் வைத்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தார்கள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். இரண்டு பேர் தலையசைத்தார்கள், ஒருத்தி பார்க்காத மாதிரி போனாள். ஸ்மராண்டாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தோவாதெரின் சிலுவை முன்னால் துண்டு விரித்து, தன் பெயருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அன்று கொடுப்பதும் வாங்குவதும்தான் முறை. செத்தவர் பெயரைச் சொல்லி ஒருவர் நீட்டுவார். வாங்குகிறவர், 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் கொடுத்தது செத்தவருக்குப் போய்ச் சேரும். யாராவது கையை நீட்டினால் போதும், அந்த ஊர்க்காரர்களுக்கு வாய் தானாகச் சொல்லிவிடும்.

வேற்றூர்ப் பெண் ஒருத்தி, மாமியார் வீட்டுக் கல்லறைக்கு வந்தவள் போலிருக்கிறது, அவள் முன்னால் வந்து நின்றாள். சிலுவையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இதுதானா அது? ஃபேஸ்புக்ல பாத்தேன். பாவம், செத்த பொம்பளையைக்கூட விட மாட்டேங்கறாங்க, அவ பேர்ல யாரோ கண்டதையும் எழுதறாங்களாம். நீங்க சொந்தமா அக்கா?"

"ஆமா" என்றாள் ஸ்மராண்டா.

அந்தப் பெண் கூடைக்குள் கைவிட்டு, ஒரு துண்டு இனிப்பு ரொட்டியும் சிவப்பு முட்டையும் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. நாலு நாளாக ஸ்மராண்டாவுக்காக வருத்தப்பட்டவள் இவள் ஒருத்திதான்.

"ஸ்மராண்டாவோட ஆத்மாவுக்காக, வாங்கிக்கங்க."

ஸ்மராண்டா வாங்கிக்கொண்டாள்.

"கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் அந்தப் பெண் இரண்டு வரிசை தள்ளிப் போயிருந்தாள்.