பிரஸ் ஷாப் பெண்களின் பாட்டு

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகப் பாடித் திரிந்தவன் நான். ஓசூரில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்து, தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த பாட்டொன்றை ஆயுத பூஜைக்குத் தயார் செய்தேன். சொதப்பினால் கம்பெனி ஆண்கள் வருஷம் முழுக்க அவர்களைக் கேலி செய்வார்கள்.

பூஜையன்று கூட்டத்தின் முன் பாடத் தொடங்கினோம். பல்லவி முடிவதற்குள் பக்கத்துக் கம்பெனியின் பேண்டு செட் வாசலுக்கே வந்து முழங்கியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன். பெண்கள் நிறுத்தவில்லை. மெஷின் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள், ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பாடினார்கள். நானும் அப்படியே பார்த்துச் சேர்ந்துகொண்டேன். பேண்டு ஓய்ந்தபோது பதினொரு குரலும் ஒரே சொல்லில் நின்றன. கூட்டம் விசிலடித்தது.

“என்னாண்ணா, பாதியில தூங்கிட்டியா?” என்ற ஒருத்தி, என்னைக் கேட்காமலே அடுத்த பாட்டைக் கன்னடத்தில் எடுத்தாள்.