மினியின் ஒருசந்தி

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் லிஃப்டில் நேற்று மேல்மாடிப் பிள்ளை ஒரு பொமரேனியன் குட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஏறினாள். லிஃப்ட் முழுக்கப் பாலும் மூத்திரமும் கலந்த குட்டி வாசம். "அங்கிள், கனக்கக் குடுத்தா பெரிசா வளர்ந்திடுமாம். ஒரு நேரச் சாப்பாடு காணுமாம். உண்மையோ?" என்று கேட்டாள். "சும்மா கதை பிள்ளை. கொஞ்சம் கொஞ்சமா நாலு தரம் குடு," என்று நான் போட்ட சத்தத்தில் குட்டி துவாய்க்குள் ஒளிந்துகொண்டது. நாய்களைப் பற்றி நான் பெரிய பண்டிதன் இல்லை. எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். அதையும் பயந்துதான் கற்றுக்கொண்டேன்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். நான் துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. தங்கச்சி ஷிரோமி நுகேகொடையிலிருந்து மினியை வாங்கி வந்தாள். என் சப்பாத்துக்குள் படுத்துத் தூங்கும் அளவுதான் இருந்தது. தாயிடம் இன்னும் பால் குடிக்க வேண்டிய வயதில் பிரித்து விற்றிருந்தார்கள், எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. பொமரேனியன் சின்னதாகவே இருக்க வேண்டுமென்றால் வயிற்றைக் கட்டி வளர்க்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கைச் சனத்தின் வேதம். காலையில் பாலில் குழைத்த சோறு ஒரு கரண்டி, அதோடு சரி.

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் வீட்டில் அன்று ஒருசந்தி விரதம், மூன்று மணி வழிபாடு முடியும்வரை அடுப்பு எரியாது. "இண்டைக்கு இந்த வீட்டில எல்லாருக்கும் ஒருசந்தி. நாய்க்கும்தான்," என்றார் அம்மா. ஷிரோமி முணுமுணுத்துப் பார்த்தாள். தவக்காலத்தில் அம்மாவோடு வாதாடி வென்றவர் கிடையாது. அப்பாவுக்கு மட்டும் விலக்கு. சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர், பங்குச் சுவாமியே சாப்பிடச் சொல்லியிருந்தார். ஆனால் அப்பாவுக்கு அது பெரிய வெட்கம். குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கள்ளன் மாதிரிப் பாண் தின்பார். நாங்களும் தெரியாத மாதிரி இருந்துவிடுவோம்.

மத்தியானம் கோயிலுக்கு வெளிக்கிட்டு வாசலில் நின்றோம். மினி தள்ளாடிக்கொண்டு வந்து, பின்னங்கால்கள் பின்னி விழுந்தது. உடம்பு விறைத்து நடுங்கியது, வாயில் நுரை வந்தது. முன்வீட்டுச் சிங்கள அங்கிள் எட்டிப் பார்த்தார். "மல்லி, அல்லன்ட எபா. பிஸ்ஸு வகே." தம்பி, தொடாதே, விசர் மாதிரி இருக்கிறது என்கிறார். வெறிநாய் விசர் என்ற பேச்சு வந்தால் ஒழுங்கை விளையாடாது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த சனம் நின்றுவிட்டது. யாரோ ஒருவர் அடிக்கப் பொல்லு எடுத்துவிட்டார். மிருக வைத்தியர் கிளினிக்கெல்லாம் அன்று பூட்டு.

"அண்ணா, அடிக்க விடாதேங்கோ," என்று ஷிரோமி கெஞ்சினாள். அம்மா அவளை இழுத்துப் பிடித்திருந்தார். மினி முடிந்தது என்றே நினைத்தேன்.

குசினிக் கதவு திறந்தது. அப்பாவின் மீசையில் பாண் துகள். குனிந்து மினியைப் பார்த்தார்.

"விசர் இல்லை. இது ஊசி போட்டுட்டுச் சாப்பிடாட்டி எனக்கு வாற நடுக்கம்."

சீனிப் போத்தலை எடுத்து வந்து நிலத்தில் இருந்தார். விரலை நனைத்துச் சீனியில் தொட்டு, அந்த நுரைக்குள் விட்டுப் பல் முரசில் தேய்த்தார்.

"கடிச்சிடும், விடுங்கோ," என்றார் அம்மா.

"கடிக்கட்டும்."

பொல்லுக்காரர் பொல்லை இறக்கவில்லை. பெரிய வெள்ளியில் கோயில் மணியும் அடிக்காது. அந்த அமைதியில் மினி நடுங்கும் சத்தம்கூடக் கேட்டது போலிருந்தது. அப்பா திரும்பத் திரும்பத் தேய்த்தார். நெடுநேரத்துக்குப் பிறகு நடுக்கம் குறைந்தது. மினி அவர் விரலை நக்கியது.

இந்தச் சின்னச் சாதிக் குட்டிகளின் உடம்பில் சேமிப்பு இல்லை, சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே சீனி இறங்கிவிடும் என்று பிறகு மிருக வைத்தியர் சொன்னார். உயரம் தாய் தகப்பனிடமிருந்து வருவதாம். பட்டினி போட்டால் குட்டி சின்னதாகாது, நோயாளியாகும். அதன்பின் மினி நாலு நேரமும் தின்று, என் சப்பாத்தைக் கடித்துக் குதறும் அளவுக்கு வளர்ந்தது.

அடுத்த பெரிய வெள்ளியில் அப்பா முன்கதவை விரியத் திறந்துவைத்து, வாசலில் கதிரை போட்டு, மடியில் சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்தார். பாணைப் பிய்த்துத் தானும் தின்று மினிக்கும் கொடுத்தார். கோயிலுக்குப் போன சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அப்பாவின் காது சிவந்திருந்தது, ஆனால் எழும்பவில்லை. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

இப்போது அப்பாவும் இல்லை, மினியும் இல்லை. ஷிரோமி கனடாவில். என் வீட்டில் பெரிய வெள்ளி காலையிலேயே ரொட்டி சுடுகிறோம், எல்லோரும் மேசையில் இருந்து சாப்பிடுகிறோம். அப்பா அன்று வாசலில் இருந்து சாப்பிட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். "சாப்பிட்டவர்தானே டடா, அதில என்ன?" என்கிறார்கள்.