சோகத்துக்குச் சிரிக்கும் நெல் தரகர்

எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூரில் நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோம். கதை எழுதும் நெல் தரகர் ஒருவரும் வருவார். கனத்த உடம்பு, சட்டையெல்லாம் உமித்தூசி. யார் சோகமாகப் படித்தாலும் சிரிப்பார்.

நான் முதலில் படித்தது என் தங்கை இறந்த கதை. அவள் தண்ணீர் கேட்கும் இடத்தில் சத்தமாகச் சிரித்தார். எழுந்து வெளியே வந்துவிட்டேன். இனி இங்கே வருவதில்லை என்று சைக்கிளை எடுத்தபோது அவர் பின்னாலேயே வந்தார்.

"இன்னா நைனா, பாதியில கெளம்பிட்ட?"

"தங்கச்சி செத்ததுக்குச் சிரிக்கிறீங்களே!"

"பின்ன இன்னா பண்றது? நான் அழுதா நீ படிக்கிறத நிறுத்திடுவ. வா, மீதியப் படி."

திரும்பிப் போய்ப் படித்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நானும் குரல் உடையாமல் முடித்தேன். அவர் சொன்னது நிஜமா, சமாளிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.